காலண்டரின் பின்பக்கத்தில் ஓர் அம்மாவின் 2024: படம், பாட்டு, புத்தகம்... பிடித்தவை ஒன்பது!

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் செல்போன் திரை முழுக்கப் பட்டியல்கள்தான். சிறந்த 10 படங்கள், ஹிட்டான 10 பாடல்கள், பேசப்பட்ட புத்தகங்கள், டிரெண்டான மீம்கள்... பாட்டு கேட்கும் ஆப்கூட, 'இந்த வருஷம் நீங்கள் அதிகம் கேட்டவை இவைதான்' என்று கலர் கலராகக் கணக்குக் காட்டுகிறது.

ஒரு பட்டியல் மட்டும் எங்கேயும் வருவதில்லை. நம் வீட்டு அம்மாவுக்கு இந்த வருஷம் என்ன பிடித்தது?

ஆப் காட்டும் கணக்கை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. போன் அம்மாவுடையதுதான். ஆனால், அதில் ஓடியது பையனின் கார்ட்டூன், பெண்ணின் அனிருத் பாட்டு, மாமியாரின் கந்த சஷ்டி கவசம். டி.வி ரிமோட்டின் கதையும் இதேதான். 'உனக்கு என்ன படம் பிடிக்கும்?' என்று அம்மாவைக் கேட்டால், 'நீங்க எது பார்த்தாலும் சரி' என்ற பதில் வருகிற வீடுகள் எத்தனையோ!

சென்னை தாம்பரத்தை அடுத்த சேலையூரில் வசிக்கும் 43 வயது அம்மா ஒருவர், 2024 ஜனவரியில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளர் வேலை. கணவருக்கு ஷிப்ட். மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. கூடவே மாமியார். பெயரும் புகைப்படமும் வேண்டாம் என்பது அவருடைய நிபந்தனை.

மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டர் அவர் வீட்டுச் சமையலறைக் கதவில் தொங்குகிறது. முன்பக்கத்தில் பால் கணக்கு, சிலிண்டர் புக் செய்த தேதி, மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டிய நாள். பின்பக்கத்தில் அந்த மாதம் தனக்குப் பிடித்த ஒன்றை எழுதத் தொடங்கினார்.

“பால் கணக்கு எழுதுறேன், பேப்பர் கணக்கு எழுதுறேன். எனக்குப் பிடிச்சதை எழுத ஒரு இடம் இல்லையேன்னு தோணுச்சு. அதான் தாளைத் திருப்பிட்டேன்” என்கிறார்.

விதிகள் இரண்டுதான். பிள்ளைகள் போட்டதாக இல்லாமல் அவரே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். பார்த்து, படித்து, கேட்டு ஒரு வாரம் ஆன பிறகும் மனதில் நிற்க வேண்டும். இந்த இரண்டிலும் தேறியவை மொத்தம் ஒன்பது. சில மாதங்களின் பின்பக்கம் காலி. ஏப்ரலில் பிள்ளைகளின் பரீட்சை, ஜூலையில் மாமியாருக்குக் கண் ஆபரேஷன்.

அந்த ஒன்பதும் இதோ...

1. பவதாரிணியின் குரல்

ஜனவரி 25-ம் தேதி இரவு வந்த செய்தி பலரை உலுக்கியது. புற்றுநோய் சிகிச்சைக்காக இலங்கை சென்றிருந்த பாடகி பவதாரிணி, 47 வயதில் கொழும்பில் காலமானார். இளையராஜாவின் மகள், கார்த்திக் ராஜா, யுவன் ஷங்கர் ராஜாவின் சகோதரி என்ற அறிமுகங்களைத் தாண்டி, அவருடைய குரலுக்கென்று தனி ரசிகர்கள் உண்டு. 'பாரதி' படத்தில் பாடிய 'மயில் போல பொண்ணு ஒண்ணு' பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர்.

சேலையூர் அம்மாவுக்கு அந்தக் குரல் கல்லூரிக் காலத்துச் சொத்து. 'ராசய்யா'வின் 'மஸ்தானா மஸ்தானா', 'ராமன் அப்துல்லா'வின் 'என் வீட்டு ஜன்னல் எட்டி', 'அழகி'யின் 'ஒளியிலே தெரிவது' என்று கேசட்டில் பதிவு செய்து கேட்டவர். செய்தி வந்த வாரம் முழுக்க, காலையில் சமைக்கும்போது அந்தப் பாடல்கள்தான் ஓடின.

ஜூனில் 'தி கோட்' படத்தின் 'சின்னச் சின்னக் கண்கள்' வெளியானது. செயற்கை நுண்ணறிவு தொழில்நுட்பத்தின் உதவியோடு பவதாரிணியின் குரலை அதில் மீண்டும் ஒலிக்க வைத்திருந்தார் யுவன். மகள் ஆர்வமாகப் போட்டுக் காட்டினாள். அம்மாவுக்கு முதல் தடவை கேட்க முடியவில்லை. இரண்டாம் தடவை கேட்டார். 'தம்பி அக்காவுக்காகச் செஞ்சது, அதைத் தப்பு சொல்ல மாட்டேன். ஆனா, எனக்கு மயில் போதும்' என்பது அவர் தீர்ப்பு. செத்துப்போனவர் குரலை இப்படிக் கொண்டுவருவது சரியா, தப்பா என்று அன்றிரவு அம்மாவும் பெண்ணும் அரை மணி நேரம் பேசினார்கள். மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனதிலிருந்து 'ம்', 'சரி', 'தெரியல' என்ற மூன்று வார்த்தைகளோடு ஓடிக்கொண்டிருந்த வீட்டில் அது பெரிய விஷயம்.

2. ஜே பேபி

மார்ச் 8, மகளிர் தினத்தன்று வெளியான படம். சுரேஷ் மாரி இயக்கம், பா.இரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. மனநிலை தடுமாறிய ஒரு தாய் வீட்டை விட்டுக் கிளம்பி கொல்கத்தாவரை போய்விடுகிறார். ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு மகன்கள் சேர்ந்து போய் அவரை அழைத்து வர வேண்டும். தாயாக ஊர்வசி, மகன்களாக தினேஷும் மாறனும்.

தியேட்டரில் தவறவிட்டு, பிறகு வீட்டில் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தார். ஊர்வசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்த மாமியார், பாதிக்கு மேல் அமைதியாகிவிட்டார். படம் முடிந்ததும், “வயசானா நானும் இப்படிப் படுத்துவேனோ என்னவோம்மா” என்றார். “படுத்துங்க அத்தை, கொல்கத்தா மட்டும் போயிடாதீங்க” என்று மருமகள் சொல்ல, இருவரும் சிரித்துவிட்டார்கள். திருமணமாகி 16 வருஷங்களில் இருவரும் மட்டும் சேர்ந்து உட்கார்ந்து முழுதாகப் பார்த்த முதல் படம் அது.

3. இன்சைட் அவுட் 2

கார்ட்டூன் படம் பெரியவர்களுக்கானது இல்லை என்று நினைப்பவர்கள் பிக்ஸாரின் இந்தப் படத்தைப் பார்க்கலாம். 2015-ல் வந்த முதல் பாகத்தில் சிறுமியாக இருந்த ரைலிக்கு இப்போது 13 வயது. அவள் தலைக்குள் சந்தோஷம், துக்கம், கோபம், பயம், அருவருப்பு என்று ஐந்து உணர்ச்சிகள் ஏற்கெனவே இருக்கின்றன. இப்போது பதற்றம், பொறாமை, சலிப்பு, கூச்சம் என்று புதிதாகச் சிலர் வந்து சேர்கிறார்கள். பதற்றம் என்ற ஆரஞ்சு நிறப் பாத்திரம் மொத்த கன்ட்ரோலையும் கையில் எடுத்துக்கொள்ள, ஹாக்கி முகாமுக்குப் போன ரைலி படும் பாடுதான் கதை. 2024-ல் உலகம் முழுக்க அதிக வசூல் செய்த படமும் இதுதான்.

ஜூனில் தியேட்டருக்கு மகளை அழைத்துப் போனது அம்மாவின் தேர்வு. மகள் அரை மனதோடுதான் வந்தாள். ரைலிக்கு மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து உட்கார்ந்துவிடும் காட்சியில், மகள் பக்கத்தில் இருந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். படம் முடிந்த பிறகும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், “எனக்கும் மேத்ஸ் டெஸ்ட்டு அன்னைக்கு அப்படித்தாம்மா ஆகும்” என்றாள்.

'உடம்பு சரியில்லை, ஸ்கூலுக்குப் போகல' என்று மகள் அடிக்கடி சொல்லிவந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. 'படிக்காம சாக்கு சொல்றா' என்று அதுவரை நினைத்திருந்தார். அடுத்த வாரம் வகுப்பு ஆசிரியையைப் பார்த்துப் பேசினார். பள்ளிக்கு வந்துபோகும் ஆலோசகரிடம் மகள் இப்போது மாதம் ஒருமுறை பேசுகிறாள். கணக்கில் மார்க் பெரிதாக ஏறிவிடவில்லை. டெஸ்ட் நாளில் லீவு கேட்பது குறைந்திருக்கிறது.

4. தன்வியின் பிறந்தநாள்

அதே ஜூனில், சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது தமிழுக்கு யூமா வாசுகியின் 'தன்வியின் பிறந்தநாள்' சிறார் கதைத் தொகுப்புக்கு அறிவிக்கப்பட்டது. 'ரத்த உறவு' நாவலின் ஆசிரியர், ஓவியர், மலையாளத்திலிருந்து ஏராளமாக மொழிபெயர்ப்பவர். 'கசாக்கின் இதிகாசம்' மொழிபெயர்ப்புக்காக ஏற்கெனவே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்.

செய்தியைப் படித்துவிட்டு வாங்கிய புத்தகம். மகனுக்காகத்தான் வாங்கினார். ஆனால், இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் மகன் தமிழில் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். முதலில் பத்து நிமிடம் அம்மா வாசிப்பது, பிறகு ஒரு பத்தி அவன் வாசிப்பது என்று தினமும் இரவு ஒரு ஏற்பாடு. சில நாள்களில் அம்மா பாதி வாசிப்பிலேயே தூங்கிவிட, மகன் எழுப்பியிருக்கிறான். டிசம்பரில் அவன் தெருவில் போகும்போது பஸ்ஸின் போர்டு, கடைப் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் தமிழில் சத்தமாகப் படிக்கிறான். அம்மாவுக்கு இந்த வருஷத்தின் பெரிய வெற்றி இதுதான் என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

5. வாழை

ஆகஸ்ட் 23-ல் வெளியான மாரி செல்வராஜின் படம். தன் சிறுவயது வாழ்க்கையிலிருந்தே அவர் எடுத்த கதை. நன்றாகப் படிக்கும் சிவனைந்தன், விடுமுறை நாள்களில் அம்மாவோடும் அக்காவோடும் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டிய நிலை. அவனுக்கோ பள்ளிக்கூடமும் பூங்கொடி டீச்சரும்தான் உலகம். ரஜினி ரசிகனான சிவனைந்தனும் கமல் ரசிகனான நண்பன் சேகரும் சண்டை போட்டுக்கொள்ளும் காட்சிகளில் சிரித்தவர்கள், முடிவில் கலங்கித்தான் வெளியே வந்தார்கள். சந்தோஷ் நாராயணனின் இசை.

வீட்டில் மொத்தக் குடும்பமும் சேர்ந்து பார்த்தது. மகன் கேட்ட ஒரே கேள்வி: “லீவு நாள்ல எதுக்கும்மா அந்தப் பையன் வேலைக்குப் போறான்?”

அப்போதுதான் அம்மா அதைச் சொன்னார். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் அவருடையது. நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து முற்றியதும், பள்ளி விடுமுறை நாள்களில் அம்மாவோடு செடி பறிக்கப் போவார். பொழுது விடிவதற்குள் வயலில் இருக்க வேண்டும். வெயில் ஏறினால் காய் வெடித்துக் கொட்டிவிடும். கூலி உளுந்தாகவே வரும். முதல் வருஷக் கல்லூரிக் கட்டணத்தில் அந்த உளுந்தை விற்ற காசும் இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அம்மாவை மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்கு அது புதுக்கதை. “ஏன்மா இத்தனை நாளா சொல்லல?” என்று மகள் கேட்டாள். “நீங்க கேட்கல, நானும் சொல்லல” என்றார் அம்மா.

6. லப்பர் பந்து

பட்டியலிலேயே வீடு முழுக்க ஒருமனதாக ரசித்தது இதுதான். செப்டம்பர் 20-ல் வெளியானது. தமிழரசன் பச்சமுத்து இயக்கம், ஷான் ரோல்டன் இசை. ஊர் கிரிக்கெட்டில் கொடிகட்டிப் பறக்கும் கெத்துவாக 'அட்டகத்தி' தினேஷ், அவரை அவுட்டாக்கும் வழி தெரிந்த அன்புவாக ஹரிஷ் கல்யாண். இருவருக்கும் மைதானத்தில் முறைப்பு. அன்பு காதலிப்பதோ கெத்துவின் மகளை!

ரப்பர் பந்து கிரிக்கெட், விஜயகாந்த் ரசிகர்கள், 'பொன்மனச் செல்வன்' பாட்டு என்று தியேட்டரைக் கொண்டாட வைத்த படம், ஒரு திறமைசாலியை எந்த அணியில் சேர்த்துக்கொள்வது என்பதில்கூட சாதி எப்படி நுழைகிறது என்பதையும் சத்தமில்லாமல் பேசியது. விஜயகாந்த் மறைந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம் என்பதால் அந்தப் பாட்டுக்கு விசில் கூடுதல்.

கணவருக்கும் மகனுக்கும் கிரிக்கெட் பிடித்தது. அம்மாவுக்குப் பிடித்தது சுவாசிகா நடித்த யசோதா. விளையாட்டே கதி என்று கிடக்கும் கணவனிடம் கோபம், அவன்மேலேயே தீராத காதல் என்று இரண்டையும் ஒரே முகத்தில் காட்டிய நடிப்பு. “ஹீரோ ரெண்டு பேரையும் விடுங்க, அந்த வீட்டை நடத்துறது அவதான்” என்பது அம்மாவின் விமர்சனம். கணவர் மறுப்பு சொல்லவில்லை.

7. மெய்யழகன்

அடுத்த வாரமே, செப்டம்பர் 27-ல் வந்த படம். '96' எடுத்த ச.பிரேம்குமாரின் இயக்கம், கோவிந்த் வசந்தாவின் இசை, கமல்ஹாசன் குரலில் பாடல்கள். சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டு 1996-ல் குடும்பத்தோடு சென்னைக்குக் கிளம்பும் அருள்மொழி (அரவிந்த் சுவாமி), பல வருஷங்கள் கழித்து தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். ஓர் இரவு இருந்துவிட்டுக் கிளம்பும் எண்ணம். அங்கே 'அத்தான்... அத்தான்...' என்று ஒட்டிக்கொள்ளும் உறவுக்காரராக கார்த்தி. அவர் பெயர் என்ன, என்ன உறவு என்பதே அருளுக்கு நினைவில்லை.

படம் நீளம் என்று விமர்சனம் வந்தது. வெளியான சில நாள்களில் 18 நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டது. அக்டோபர் கடைசியில் ஓ.டி.டி-யில் பார்த்தபோது மகளுக்கும் அதே கருத்து. “ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்காங்கம்மா. ஸ்டோரி எப்போ வரும்?”

“இதுதான்டி ஸ்டோரி” என்றார் அம்மா.

அவருக்கு ஒவ்வொரு காட்சியிலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கவேண்டியிருந்தது. நீடாமங்கலம் என்ற பெயர்ப்பலகையே போதுமானதாக இருந்தது. அவருடைய அப்பா 2013-ல் இறந்தார். அடுத்த சில மாதங்களில் வீடும் வயலும் பாகம் பிரிந்தன. வீட்டை விற்பதில் அண்ணனோடு வந்த பேச்சு முற்றி, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர் அதற்குப் பிறகு ஊருக்குப் போகவே இல்லை. 11 வருஷங்கள். மகனுக்கு அம்மாவின் ஊர் எது என்றே தெரியாது. மகள் போனது மூன்று வயதில்.

கல்யாண மேடையில் அருள் கொண்டுவந்த சீரைத் தங்கை பிரித்துப் பார்த்துப் போட்டுக்கொள்ளும் காட்சியில் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். 'ஸ்டோரி எப்போ வரும்' என்று கேட்ட மகள் பின்னாலேயே போய் நின்றாள். “மாமா கூட ஏம்மா பேச மாட்டேங்கற?” என்று முதன்முறையாகக் கேட்டாள்.

அன்று அவர் அண்ணனுக்குப் போன் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து சித்தப்பா மகளுக்குச் செய்தார். அரை மணி நேரம் ஊர்க்கதை. கடைசியில் அவளே, “அண்ணன் உன்னைப் பத்திக் கேட்டுக்கிட்டேதான் இருக்கும்க்கா” என்றாள். காலண்டரில் அக்டோபர் பின்பக்கத்தில் படத்தின் பெயருக்குக் கீழே ஒரு போன் நம்பரும் எழுதப்பட்டிருக்கிறது.

8. மரக்கறி

மகள் கொரியன் சீரியல் ரசிகை. 'கொரியாவிலும் அப்பாவை அப்பான்னுதான் கூப்பிடுவாங்க' என்று அம்மாவுக்குப் பாடம் எடுப்பவள். அக்டோபர் 10-ம் தேதி தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங்குக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. இந்தப் பரிசைப் பெறும் முதல் கொரியர், முதல் ஆசியப் பெண் அவர்தான். 'உன் கொரியாவுல நான் ஒண்ணு படிக்கிறேன் பாரு' என்று அம்மா வாங்கியது, 2016-ல் மேன் புக்கர் சர்வதேச விருது பெற்ற அவருடைய நாவலை. தமிழில் 'மரக்கறி' என்ற பெயரில் சமயவேல் மொழிபெயர்த்திருக்கிறார்.

ஒரு கனவுக்குப் பிறகு இறைச்சி சாப்பிடுவதை நிறுத்திவிடுகிறாள் ஒரு சாதாரணக் குடும்பப் பெண். அவ்வளவுதான். கணவனால் அதைத் தாங்க முடியவில்லை. பெற்றவர்களாலும் முடியவில்லை. குடும்பமே கூடியிருக்கும் சாப்பாட்டு மேஜையில் அப்பா அவளை அறைந்து, வாயில் இறைச்சியைத் திணிக்கப் பார்க்கிறார்.

“ஒரு பொம்பளை 'எனக்கு வேணாம்'னு சொன்னா, அதுக்கு எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு! நாட்டுக்கு நாடு சாப்பாடுதான் வேற” என்கிறார் அம்மா. சுலபமான புத்தகம் இல்லை என்றும், சில பக்கங்களைத் தாண்டவே கஷ்டமாக இருந்தது என்றும் சொல்கிறார். மகள் கேட்டபோது கொடுக்கவில்லை. “பிளஸ் டூ முடிச்சதும் நானே தர்றேன்” என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார். மகள் அந்தத் தேதியை எழுதி வாங்கிக்கொண்டாள்.

9. குகேஷ் காய்களை அடுக்கிய அந்த நிமிடம்

படமும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனாலும் டிசம்பர் பின்பக்கத்தில் இருப்பது இதுதான். டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது, கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் ஒரு தவறான நகர்த்தல் செய்ய, சென்னையின் டி.குகேஷ் 7.5-6.5 என்ற கணக்கில் உலக சாம்பியன் ஆனார். வயது 18. இத்தனை இளம் வயதில் வேறு யாரும் இந்தப் பட்டத்தை வென்றதில்லை.

செஸ் தெரியாத அம்மா யூடியூப்பில் திரும்பத் திரும்பப் பார்த்தது, ஜெயித்த பிறகு நடந்ததை. முகத்தை மூடி அழுத குகேஷ், கண்ணைத் துடைத்துக்கொண்டே போர்டில் காய்களை அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினார்.

மறுநாள் அக்கம்பக்கத்தில் செஸ் வகுப்பு பற்றிய விசாரணைகள் ஆரம்பமாகிவிட்டன. அம்மா மகனைச் சேர்க்கவில்லை. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை சர்ஜன். மகனோடு ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போவதற்காகத் தன் தொழிலை நிறுத்திவைத்தவர். நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் அம்மாவின் சம்பளத்தில் வீடு ஓடியது. “அவங்க என்னென்ன விட்டாங்கன்னு தெரியாம நாம வகுப்புல மட்டும் சேர்த்து என்ன பண்ண? இவன் இப்போதைக்கு விளையாடின சாமானை எடுத்து வெச்சாப் போதும்” என்கிறார். வீட்டில் கேரம் காயும் செஸ் காயும் டிசம்பரிலிருந்து டப்பாவுக்குள் இருக்கின்றன. ஓரளவுக்கு.

பட்டியலில் வராதவை

விஜய் சேதுபதியின் 50-வது படமான 'மகாராஜா' அம்மாவுக்கு மிகவும் பிடித்தது. ஆனால், அதன் கதைக்கரு காரணமாகப் பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாகத்தான் பார்த்தார். மூன்று நாள் சரியாகத் தூக்கமில்லை. திரும்ப நினைக்க விரும்பாததால் காலண்டரில் ஏற்றவில்லை. தீபாவளிக்கு வந்த 'அமரன்', சாய் பல்லவிக்காக மாமியாரின் நம்பர் ஒன். 'அது உங்க லிஸ்ட்டு அத்தை, நீங்களே எழுதுங்க' என்று பேனாவைக் கொடுத்துவிட்டார். நவம்பர் தாளில் மாமியாரின் கையெழுத்தில் 'அமரன்' இருக்கிறது.

அதற்குப் பிறகு மகளும் எழுதத் தொடங்கினாள். மகன் படம் வரைந்து வைத்திருக்கிறான். டிசம்பர் தாளில் அம்மாவுக்கு இடம் பிடிக்கச் சண்டை போடவேண்டியிருந்தது.

உங்கள் வீட்டிலும் தொடங்கலாம்

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம் என்கிறார் இந்த அம்மா. அவர் அனுபவத்தில் உதவியவை இவை:

* வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் டி.வி-யோ போனோ அம்மாவின் தேர்வு. மற்றவர்கள் கூட உட்காரலாம், எழுந்தும் போகலாம். கட்டாயம் இல்லை.

* பிடித்ததற்கு நல்ல காரணம் இருக்க வேண்டியதில்லை. விருது வாங்கிய படம்தான் பிடிக்க வேண்டும் என்றும் இல்லை.

* பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்ல விடுங்கள். 'போர்' என்ற வார்த்தைக்குப் பின்னால்தான் பல நேரம் பேச்சு ஆரம்பிக்கிறது.

* பிள்ளைகளோடு பார்க்க முடியாததைத் தனியாகப் பாருங்கள். ஏன் இப்போது வேண்டாம், எப்போது பார்க்கலாம் என்பதை அவர்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

2025 பொங்கலுக்கு என்ன திட்டம்?

ரயில் டிக்கெட் முன்பதிவுக் காலம் நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைந்தது. பொங்கல் பயணத்துக்கான முன்பதிவு திறந்த நவம்பர் நாள் ஒன்றில், காலை எட்டு மணிக்கு அம்மாவும் மகளும் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். மன்னை எக்ஸ்பிரஸில் நான்கு டிக்கெட் கிடைத்தது. மாமியாருக்கு நாத்தனார் வீடு.

தங்கப்போவது சித்தப்பா மகள் வீட்டில். அண்ணனுக்குத் தகவல் போயிருக்கிறது. அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: “எந்த ட்ரெயின், எத்தனை மணிக்கு?”

அம்மா பதில் அனுப்பிவிட்டார். ஸ்டேஷனுக்கு அவர் வருவாரா, வந்தால் என்ன பேசுவது என்றெல்லாம் தெரியாது. விற்ற வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். வாசலில் நின்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். உளுந்து வயல் எந்தப் பக்கம் என்று மகன் இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறான். பொங்கலுக்கு வயலில் நெல்தான் நிற்கும், உளுந்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்படியென்றால் பரீட்சை லீவுக்கு இன்னொரு தடவை போக வேண்டும் என்கிறான்.